தம்பியின் படத்தில் பொட்டு

நவம்பர் 14, வெள்ளி

மகள் கயலுக்கு இன்று சரித்திரச் சோதனை. ஏழாண்டுப் போர். மொன்றியலில், ரொக்ஸ்பரோ வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகும்வரை காரில் ஒப்புவித்தபடியே வந்தாள். ஓஹையோ ஆற்றங்கரை நிலத்துக்கும் மென்மயிர்த் தோல் வியாபாரத்துக்கும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடிபட்டார்கள். கியூபெக் விழுந்தது. மறுவருடம் மொன்றியல் சரணடைந்தது. பிறகு பாரிஸ் ஒப்பந்தம், போர் முடிந்தது.

வேலையிலிருந்து வந்து சாமித்தட்டில் விளக்கேற்றப் போனேன். பக்கத்துச் சுவரில், முள்ளிவாய்க்காலில் காணாமல் போன தம்பியின் படத்தில் சந்தனப் பொட்டு. இறந்தவர்களின் படத்துக்கு வைப்பது. பதினாறு வருடமாக நான் வைக்காதது.

"ஆர் வைச்சது?"

"நான்தான் அம்மா. பெரியப்பான்ர படத்துக்குப் பெரியம்மா வைச்சிருக்கிறா, மாமாக்கு மட்டும் ஒண்டும் இல்லை. எங்கட சண்டையும் முடிஞ்சுதெல்லோ?"

"ஓம், முடிஞ்சுது" என்றேன். அவளை ஏச வாய் வரவில்லை.

அவள் படுத்த பிறகு பொட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். நாளைக்குக் கேட்பாள். பாரிஸ் ஒப்பந்தத்தின் திகதிகூட அவளுக்குப் பாடம். மாமாவின் திவசம் எந்தத் திகதி என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?