பீரோ மேல் இருக்கும் குழாய்

மூன்றாவது தடவையும் பேங்க் பரீட்சையை அரை மார்க்கில் கோட்டைவிட்டாள் பாண்டிச்செல்வி. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி முனியராஜ், அவள் நோட்டுகளை எடுத்து வீட்டில் வெடிக்குழாய் உருட்ட வந்த காகிதத்தோடு கலந்துவிட்டான். பாதியை அவளே உருட்டிய பிறகுதான் ஒரு குழாயில் தன் கையெழுத்தைக் கண்டாள். அந்த ஒரு குழாயை மட்டும் லோடில் சேர்க்காமல் எடுத்து வைத்தாள். நாலாவது பரீட்சைக்கு மதுரை பஸ் ஏறும் இன்றைக்குத்தான் தம்பிக்கு ஒரு சீட்டில் பேனாவை அழுத்தி எழுதினாள்:

"ஏலே முனியராஜு, சோறு மட்டும் இருக்கு. கொழம்பு வைக்கல. முட்டை ஒண்ணுதான் இருந்துச்சு, அத நான் தின்னுட்டேன். சாயங்காலம் லோடு எடுக்க வண்டி வரும். என் பங்குக் குழாயவும் நீயே உருட்டு. 'படிச்சுக் கிழிச்சது போதும்'னு தெருவே கேக்கச் சொன்னேல்ல? எல்லாக் கணக்கையும் மொதல்ல இருந்து மறுபடி போட்டுட்டேன்லே."

வாசல் வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிஞ்சிய இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

"பீரோ மேல ஒரு குழாய் இருக்கு, தொடாத. நான் பாஸான அன்னைக்கு ஒங்க கம்பெனியில அதுல மருந்து செலுத்தி, தெருமுக்குல நீயே கொளுத்தணும். என்ன வெடி இம்புட்டுச் சத்தம்னு எல்லாரும் கேப்பாக. எங்கக்கா நோட்டுன்னு நீதாம்லே சொல்லணும்."