எவ்வளவு குடிச்சவா?

இன்று காலை குசினிக்குள் போனபோது கொதிக்கிற தண்ணீரில் ரப்பர் வேகும் மணம் வந்தது. மகளின் சூப்பிப் போத்தலை அக்கா கடைசித் தடவையாக அவித்துக்கொண்டிருந்தாள். இனிப் போத்தலை நிற்பாட்டி, கோப்பையில் பருக்கச் சொல்லிப் போன கிழமை கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். "இனி இது தேவையில்லைத் தம்பி, எடுத்து வைப்பம்" என்றாள் அக்கா. சரி என்றேன். ஆனால் அந்த மணத்தோடு நீயும் வந்து நின்றாய். நீ வாசிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

அவித்து அவித்துப் போத்தலில் இருந்த அளவுக் கோடுகள் அழிந்துவிட்டன. அந்தக் கோடுகளைப் பார்த்த அளவுக்கு மகளின் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை.

அளவு என்பதே எனக்கு உன்னால் வந்ததுதான். அக்கராயனில் பால் சேர்க்கும் இடத்தில் நீ வேலை பார்த்தாய். அக்காவின் மாடுகள் கறந்த பாலைக் கானில் ஊற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த என்னிடம், தலையை நிமிர்த்தாமலே சொன்னாய்: "நுரையையும் சேர்த்துச் சொல்லாதேங்கோ. அடங்கட்டும், பிறகு பாப்பம்." நுரை அடங்கும் வரைக்கும் நான் நின்றேன். அடுத்த நாளும் நின்றேன். நுரை அடங்கிய பிறகும் நிற்கிறேன் என்று உன்னோடு வேலை செய்த பெண்கள் சிரித்தார்கள். கலியாணம் முடிந்து, வயிற்றில் பிள்ளையோடும் நீ அந்த வேலையை விடவில்லை. ஊர் மாடுகளின் பால் முழுக்க உன் கண்ணுக்கு முன்னால்தான் அளந்து போனது.

மகள் பிறந்து வீட்டுக்கு வரத் துணிமணிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் உனக்கு மூச்சு எடுக்கக் கஷ்டமாயிற்று. கால் வீங்கியது. கிளிநொச்சியில் இருந்து அம்புலன்ஸில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். பிள்ளைப்பேற்றோடு சிலருக்கு இருதயம் பலவீனமாகிவிடும் என்று டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். உனக்குக் கொடுக்கிற மருந்துகளால் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். நீ வார்ட்டில் படுத்தாய். மகளை நான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

உழவு மிசின் ஓடுகிற எனக்குப் பால் கரைக்க என்ன தெரியும்? அக்காதான் காட்டித் தந்தாள். பேணிக்குள் இருக்கிற கரண்டியால் பால்மாவை அள்ளி, கத்தியின் முதுகால் வழித்து மட்டம் பார்க்க வேண்டும். எத்தனை தடவை சவர்க்காரம் போட்டாலும் கையில் டீசல் மணம் போகவில்லை என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். பிள்ளை கொஞ்சம் குடிக்கும், நித்திரையாகும், எழும்பி அழும், பிறகு கொஞ்சம் குடிக்கும்.

ஒவ்வொரு முறை குடித்து முடித்ததும் நீ போன் எடுப்பாய்.

"எவ்வளவு குடிச்சவா?"

"குடிச்சவா. பாதிப் போத்தல்."

"பாதியும் ஒரு அளவோ? எவ்வளவு கலக்கினீங்கள்? மிச்சம் எவ்வளவு?"

நான் மிச்சத்தை ஏற்கனவே ஊற்றியிருப்பேன். உன் மூச்சு மட்டும் கேட்கும். அதன் பிறகு நான் ஊற்றுவதை விட்டேன். போத்தலை மேசையில் நேராக வைத்து, கண்ணை அந்த மட்டத்துக்கு இறக்கி, மிச்சத்தைப் பார்த்து, கலக்கியதில் இருந்து கழித்து, இத்தனை மில்லி என்று சொல்லப் பழகினேன். அப்போது நீ அடுத்த கேள்வியைக் கேட்டாய்.

"கக்கினது எவ்வளவு?"

"அதை எப்பிடியப்பா அளக்கிறது?"

"ஒரு துணியில ஒரு கரண்டி தண்ணியை ஊத்துங்கோ. அவ கக்கின ஈரம் அதைவிடப் பெரிசோ சின்னனோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

செய்தேன். அக்காவும் நானும் இரண்டு துணிகளையும் கதிரையில் விரித்துப்போட்டுக் குனிந்து நின்று பார்த்தோம். ஏதோ காணிப் பிரச்சினைக்கு எல்லை பார்க்கிற ஆட்களைப் போல நிற்கிறோம் என்று அக்கா சொன்னாள். அதை உனக்குச் சொன்னேன். நீ சிரித்தாய். சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் நிற்க நெடுநேரமாயிற்று. அதற்குப் பிறகு உன்னைச் சிரிக்க வைக்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

அளவு கூடினால் உன் குரலில் தெம்பு வரும். குறைந்தால், "ஏன்? காய்ச்சலோ? தண்ணி சூடு கூடிப்போச்சோ?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். பிள்ளையை வார்ட்டுக்குள் விடமாட்டார்கள். உன் பிள்ளையில் இருந்து உன்னிடம் வந்து சேரக்கூடியதாக இருந்தது அந்த ஒரு கணக்கு மட்டும்தான் என்று எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. இங்கே அவள் அழுதால் நிற்பாட்டத் தெரியாது. அங்கே உனக்கு மூச்சு முட்டினால் செய்ய ஒன்றுமில்லை. அளவைப் பார்த்துச் சொல்கிற வேலை ஒன்றுதான் என் கையில் இருந்தது.

அந்தப் பின்னேரமும் மகள் என் மடியில் இருந்தாள். அன்று நன்றாகக் குடித்திருந்தாள். கக்கவும் இல்லை. மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. உன் இலக்கம். காதில் வைத்த உடனேயே, "இஞ்சேர், எழுபது குடிச்சவா" என்றேன்.

பதிலுக்கு வந்தது வேறொரு குரல். வார்ட்டில் இருந்த நேர்ஸ்.

"ஐயா, நீங்கள் உடன வெளிக்கிட்டு வாங்கோ."

"அவாட்டைக் குடுங்கோ பிள்ளை. ஒருக்கா இதைச் சொல்லவேணும்."

"நீங்கள் வாங்கோ ஐயா" என்று திரும்பவும் சொன்னாள். அவள் அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது.

நான் வந்து சேர்ந்தபோது உன் கண்கள் மூடியிருந்தன.

பூநகரியில் இருந்து உன் அப்பா வந்தார். கடலுக்குப் போகிற மனிதர், பிள்ளையை வாங்கவே பயந்து, கைகளை வேட்டியில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார். சனம் வந்து போனது. அதற்கு நடுவிலும் மகளுக்குப் பசித்தது. நான் கரைத்தேன், பருக்கினேன், மேசையில் வைத்து மட்டம் பார்த்தேன், கழித்தேன். அளவு வந்தது. போனைக் கையில் எடுத்துவிட்டுத்தான் நினைவு வந்தது, சொல்வதற்கு ஆளில்லை என்று.

ஆனாலும் அளப்பதை விட முடியவில்லை. அந்த எழுபதில் இருந்து கீழே போகக்கூடாது என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அவள் வாயை மூடித் தலையைத் திருப்பினாலும் சூப்பியை உதட்டில் வைத்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் அப்படிக் குடித்தது முழுவதையும் என் மேலேயே சத்தி எடுத்தாள். அக்கா அவளை என்னிடம் இருந்து வாங்கினாள்.

"காணும், வயிறு நிறைஞ்சிட்டுதெண்டு பிள்ளை சொல்லுறாள் தம்பி. உனக்குத்தான் கேக்கேல்லை."

கிளினிக்கில் நிறை பார்த்தபோது பெரிதாக ஏறவில்லை. மிட்வைஃப் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இருத்தினார். "அண்ணை, ஒவ்வொரு நேரமும் ஒரே அளவாக் குடிக்க அவ என்ன மிசினோ? ஒருக்காக் குறையும், ஒருக்காக் கூடும். சலம் ஒழுங்காப் போறாவோ, முழிச்சிருக்கேக்க விளையாடுறாவோ எண்டு பாருங்கோ. போத்தலைப் பாக்காதேங்கோ, பிள்ளையைப் பாருங்கோ."

ஓம் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பிள்ளையைத்தான் பார்த்தேன். என்றாலும் கண் தானாகப் போத்தலுக்குப் போய்விடும்.

அவள் மெல்ல மெல்ல நிறை ஏறினாள், எங்கள் பயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமலே. இப்போது கதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். சோற்றைப் பிசைந்து வைத்தால் பாதியைக் கோழிக்கு எறிகிறாள். உன் நெற்றி. ஏதாவது பிடிக்காவிட்டால் தலையை நிமிர்த்தாமலே மறுக்கிற குணமும் உன்னுடையதுதான்.

ஒரு மத்தியானத்தைப் பற்றி நீயும் நானும் பிறகு கதைக்கவே இல்லை. நீ யாழ்ப்பாணத்துக்குப் போன புதிது. கிளிநொச்சிக்கு வந்து பஸ் மாறி, நோயாளரைப் பார்க்க விடுகிற நேரத்துக்கு ஓடி வந்து சேர்ந்தேன். தலையணையில் சாய்ந்து இருந்தாய். பால் வற்றுவதற்குக் குளிசை தந்திருந்தார்கள், ஆனால் வற்றவில்லை. மார்பு கட்டி நொந்ததால் கையாலேயே பாலை எடுத்து, கோடு போட்ட ஒரு பிளாஸ்ரிக் கோப்பையில் வைத்திருந்தாய். மருந்து கலந்திருக்கும், ஊற்றிவிடச் சொல்லி நேர்ஸ் சொல்லியிருந்தாள். நான் வரும் வரைக்கும் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நீ காத்திருந்தாய்.

"எவ்வளவு இருக்குதெண்டு பாத்துச் சொல்லுங்கோ."

யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். "அறுபது."

"காலமை அவ எவ்வளவு குடிச்சவா?"

"அதுவும் அறுபதுதான்."

கோப்பையைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாய்.

"அப்ப இது அவவுக்குக் காணும், என்ன?"

"ஓம், காணும்."

"கொண்டுபோய் ஊத்திவிடுங்கோ. என்னால ஏலாது."

வார்ட்டின் கடைசியில் கை கழுவுகிற இடம். அங்கே நின்று ஊற்றினேன். மகள் இதுவரை குடித்ததில் எதையும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. சிந்தியதும் கக்கியதும் போக எவ்வளவு உள்ளே போனது என்று எப்போதும் ஒரு சந்தேகம் இருக்கும். அந்த அறுபதில் மட்டும் சந்தேகம் இல்லை. ஒரு துளியும் மிஞ்சாமல் முழுவதையும் நான்தான் ஊற்றினேன். ஊற்றி முடிந்த பிறகும் கோப்பை கொஞ்ச நேரம் சூடாகவே இருந்தது. அந்தச் சூடு என் கையை விட்டு இன்னும் போகவில்லை.