அப்பாவின் வலது முழங்கால்

அப்பா,

வண்டிச் சாவியைத் தேடி வீட்டைப் புரட்டாதீங்க. என் பையில் இருக்கு. சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு, சூடு பண்ணிக்குங்க.

நேத்து "வலியே இல்ல, ஆளை விடு"ன்னு கத்தினீங்க. ரெண்டு ஷிஃப்ட் பார்த்த அலுப்பில் போய்ப் படுத்துட்டேன். இப்போ கேட்கிறேன். வலியில்லாத மனுஷன் எதுக்குச் சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் படி இறங்கணும்? போன மாசம் கார் மோதினப்போ டேஷ்போர்டில் இடிச்ச கால் அது. பிரேக் மிதிக்கிற காலும் அதுதான். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். உள்ளே தசைநார் கிழிஞ்சிருந்தா எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும்.

நாலு மணிக்கு நான் வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டருக்கு வந்துடுங்க. மாடி வீட்டு அண்ணன் கூட்டிட்டு வருவார். அந்த மெஷின் பெரிய காந்தம், மோதிரத்தைக் கழட்டி வச்சுட்டு வாங்க. முரண்டு பிடிக்காதீங்க.

இன்னொண்ணு. மோதின அன்னைக்கு உங்களுக்கு எக்ஸ்ரே எடுத்த கையோட, டாக்டர் பார்க்கிறதுக்கு முன்னாடியே, "ஒண்ணுமில்லப்பா, வீட்டுக்குப் போங்க"ன்னு சொன்னது நான்தான். நீங்களும் அப்படியே கிளம்பிட்டீங்க. "எம்பொண்ணே படம் பார்த்துச் சொல்லிட்டா"ன்னு ஒரு மாசமா எல்லார்கிட்டயும் பெருமை பேசுறீங்களாம், அம்மா சொன்னாங்க.

நான் சொன்னது தப்புப்பா. எனக்காக வலியை மறைச்சு, நொண்டாம நடக்காதீங்க.