சிவப்புப் பலகைக்கு நாலு ஆணி

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் மிச்சமிருக்கிற நாலு மாடுகளும் நன்றாக இருக்கிறோம். எனக்குக் காய்ச்சல் விட்டு ரொம்ப நாளாகிறது, முட்டி மட்டும் மழை வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, ரேடியோவைவிடச் சரியாகச் சொல்கிறது, அதனால் அதற்கு வைத்தியம் பார்க்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ "விடுங்கப்பா, மாமாதானே" என்று சொன்னாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், கோபம் வந்தால் எனக்கு வாய் குழறும், உனக்கே தெரியும், எழுதினால்தான் வார்த்தை வரிசையில் நிற்கும். அதனால் எழுதுகிறேன். நான் விடவில்லை. விடப்போவதும் இல்லை. முழுசாகப் படித்துவிட்டு நீ யார் பக்கம் என்று சொல், அதற்காகத்தான் இத்தனை காகிதம்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மாமாவும் நானும் மாடு மாற்றிக்கொண்டது உனக்குத் தெரியும். பால் சங்கத் தலைவர், பதினோரு மாட்டுக்காரர், உன் அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன், அப்படிப்பட்டவர் தானாகவே வீட்டுக்கு வந்து, "மாப்ள, கறக்கற மாடு ஒண்ணு தரேன், உன் கிடேரிய எனக்குக் குடு" என்றதும் நான் உருகிப்போனேன். கிடேரி என்றால் உன் வெள்ளைக்காலிதான். தாய் செத்த பிறகு நீ புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது, விமானம் ஏறின அன்று காலையில்கூட அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாய், புதுச் சட்டையெல்லாம் எச்சில். கொடுக்க மனசில்லை, ஆனாலும் மாமா வீடுதானே, நினைத்தால் போய்ப் பார்க்கலாம் என்று கொடுத்தேன். அவர் கொடுத்த மாட்டின் காதில் குத்தியிருந்த அடையாள வில்லையில் கடைசி மூன்று எண் 417. கன்று எங்கே என்று கேட்டதற்கு, பிறந்த இரண்டாம் நாளே கழுத்தில் கயிறு சுற்றிச் செத்துவிட்டது என்று சொல்லிக் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். புது மாடு வந்தால் முப்பது நாள் தனியாகக் கட்டி, ரத்தம் சோதித்து, அப்புறம்தான் மற்ற மாடுகளோடு சேர்க்க வேண்டும் என்று சங்கச் சுவரிலேயே எழுதியிருக்கிறது, எழுதவைத்ததும் அவர்தான். நானும் ஒழுங்காகக் கொட்டகைக்குப் பின்னால் தனி முளை அடித்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர், "ஏன் மாப்ள, என் வீட்டு மாட்டுக்கே தனி முளையா? என் தங்கச்சியக் கட்டிக்கிட்டு வந்தியே, அவள முப்பது நாள் தனியா வச்சிப் பாத்துட்டா உள்ள விட்ட?" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள், உன் அம்மாவும் சிரித்தாள், எனக்கும் வெட்கமாகப் போய் முளையைப் பிடுங்கி எறிந்தேன். அந்த ஒரு முளையைப் பிடுங்கினதுதான் நான் செய்த தப்பு, அதற்குத்தான் இத்தனையும்.

ஐந்தாவது மாதம், ஏழு மாதச் சினையாக இருந்த நம் மாடு ஒன்று காலத்துக்கு முன்னாலேயே செத்த கன்றை வீசியது, பத்து நாள் கழித்து இன்னொன்று. நான் என்னத்தைக் கண்டேன், வெறுங்கையால் இழுத்துப் போட்டேன், நஞ்சுக்கொடியையும் அதே கையால் அள்ளினேன், அதே கையால் மீசையையும் துடைத்துக்கொண்டேன். அப்புறம் வந்ததுதான் அந்தக் காய்ச்சல். சாயங்காலமானால் ஏறும், வேர்த்துக் கொட்டி இறங்கும், மறுபடி ஏறும். உன் அம்மா ஒரு நாளைக்கு மூன்று படுக்கை விரிப்பு துவைத்தாள், அவள் கையில் தோல் உரிந்ததை நான் உனக்குப் போனில் சொல்லவில்லை. மாட்டு டாக்டரம்மா அப்போதுதான் இங்கே மாற்றலாகி வந்திருந்தார், உன் வயசுதான் இருக்கும், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து எட்டு மாட்டுக்கும் ரத்தம் எடுத்தார். இதற்குப் பெயர் கன்று வீச்சு நோய், பால் வழியாகவும் கை வழியாகவும் மனுஷனுக்கும் தொற்றும் என்றார். எட்டில் நாலுக்கு இருந்தது, 417-க்கும் இருந்தது. நாலையும் கொன்று புதைக்க வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மாட்டை எங்கே வாங்கினீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். அதற்கு முந்தின நாளே மாமா என்னிடம், "சந்தையில வாங்கினதுன்னு சொல்லிடு மாப்ள, தலைவர் பேரு கெட்டா சங்கத்துப் பேரே கெட்டுடும்" என்று சொல்லி வைத்திருந்தார். அவருக்கும் தெரியாமல்தானே நடந்திருக்கும், மச்சான் மானம் நம் மானம் என்று நானும் சந்தையில் என்று சொன்னேன். இதைவிடப் பெரிய மடையனை நீ அங்கே வெளிநாட்டில் பார்த்திருக்க மாட்டாய்.

அப்புறம் பலகை. சிவப்பு வர்ணம், வெள்ளை எழுத்து, "நோய்க் கண்காணிப்பில் உள்ள மந்தை. உள்ளே வராதீர். மாடுகளை வெளியே கொண்டுபோகாதீர்." அதை நம் வீட்டு வாசல் கதவில் அடித்தது யார் என்று கேட்கிறாயா, சங்கத் தலைவர்தான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, சொந்தச் சுத்தியலைக் கொண்டுவந்து, நாலு ஆணி அடித்து, பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். அடித்து முடித்துவிட்டுத் தெருவே கேட்கிற மாதிரி, "தொழுவத்த சுத்தமா வச்சிக்கத் தெரியாதவனுக்கு மாடு எதுக்கு மாப்ள?" என்றார். நான் காய்ச்சலோடு சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மாதம் அந்தப் பலகை அங்கேயே இருந்தது. நம் பாலைச் சங்கத்தில் வாங்கவில்லை, தபால்காரர்கூடக் கடிதத்தைக் கதவுக்கு மேலாகத்தான் வீசினார். இரண்டு தடவை ரத்தம் சோதித்து, நாலு மாடும் சுத்தம் என்று வந்த பிறகு டாக்டரம்மா பலகையைக் கழற்றினார். அதை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பத்திரமா நானே வச்சிக்கறேன்மா, தேவைப்படும் என்றேன், அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தேன். அம்மா எனக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தாள். அப்போது எனக்கு யார் மேலும் சந்தேகம் கிடையாது, சந்தேகம் இல்லாமலே கோபம் இருந்தது, ஆள் மட்டும் கிடைக்கவில்லை.

ஆள் எப்படிக் கிடைத்தார் என்பதைக் கேள். சங்கத்துக்கு வருகிற ஒவ்வொரு கேனிலும் மாதம் இரண்டு தடவை பால் எடுத்துச் சோதிக்க, யார் வீட்டில் எந்த மாடு கன்று வீசினாலும் எழுதிவைக்க, ஒரு ஆள் வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டார். பழைய ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். யாரும் கையைத் தூக்கவில்லை, நான் தூக்கினேன். எட்டாம் வகுப்பு அறிவியலில் முப்பத்தாறு மார்க் வாங்கினவன் வெள்ளைக் கோட்டு கேட்டால் எப்படி இருக்கும், மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அலமாரிச் சாவியை எடுத்து என் மடியில் வீசி, "இந்தா, பழைய நோட்டெல்லாம் உள்ளதான் இருக்கு, எழுத்துக்கூட்டிப் படி மாப்ள" என்றார். நான் எழுத்துக்கூட்டித்தான் படித்தேன் கண்ணு. அதனால்தான் ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை. மூன்றாவது நோட்டில், டாக்டர் இடம் காலியாக இருந்த காலத்தில் பழைய ஆள் எழுதினது, காது வில்லை 417, தலைவர் வீடு, ஏழாம் மாதச் சினையில் கன்று வீச்சு, பக்கத்தில் உன் மாமாவின் கையெழுத்து, அந்த வால் நீண்ட கையெழுத்து. நாம் மாடு மாற்றிக்கொண்டதற்கு இரண்டு மாதம் முந்தின தேதி. கயிறும் சுற்றவில்லை, கழுத்தும் சுற்றவில்லை. இல்லாத கன்றுக்குத்தான் கண்ணைத் துடைத்திருக்கிறார். நோட்டை மூடிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். பலகைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

ஆனால் பழைய நோட்டை வைத்துக்கொண்டு பலகை அடிக்க முடியாது, இன்றைக்கு அந்தத் தொழுவத்தில் நோய் இருக்கிறது என்று காட்ட வேண்டும். தலைவர் கேனில் இதுவரை யாரும் பால் எடுத்ததே இல்லையாம், பக்கத்துக் கேனிலிருந்து ஊற்றி அவர் பெயரை எழுதிவிடுவார்களாம். நான் நேராக அந்தக் கேனைத் திறந்தேன். சங்க எழுத்தர் பதறிப்போய், "யோவ், தலைவர் பால்யா அது" என்றார். மாட்டுக்கு அது தெரியாதே என்றேன். சின்ன கண்ணாடிக் குழாயில் பாலை விட்டு நீல மருந்து ஒரு சொட்டு கலந்து, உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். பாலாடை மேலே ஏறி வளையமாக நிற்கும். வளையம் வெள்ளையாக, கீழே பால் நீலமாக இருந்தால் நல்லது. மாறி நின்றால் நோய். நான் கடிகாரத்தையும் குழாயையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வளையம் நீலமாக ஏறியது. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரி நடையில் காத்திருந்தேனே, அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவ்வளவு நீளமாக இருந்தது இதுதான். டாக்டரம்மா பதினோரு மாட்டுக்கும் ரத்தம் எடுக்க நாள் குறித்தார்.

அன்று மத்தியானமே மாமா வந்தார். பலகை அடித்த நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக வண்டியை விட்டு இறங்கி உள்ளே வந்தார். "மாப்ள, உன் வெள்ளைக்காலிய இப்பவே ஓட்டிட்டுப் போ, வில்லைய அறுத்துட்டு வேற குத்திக்கலாம். ரத்தம் எடுக்கறத மட்டும் ரெண்டு வாரம் தள்ளிப் போடச் சொல்லு, அதுக்குள்ள மத்ததெல்லாம் வித்துடறேன்" என்றார். ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். வெள்ளைக்காலி நம் கொட்டகையில் நிற்கிற மாதிரி, நான் உனக்குப் போட்டோ அனுப்புகிற மாதிரி எல்லாம் தெரிந்தது. ஆனால் அவர் விற்கப்போகிற பத்து மாட்டுக்கும் பத்து வீடு இருக்கும், பத்து வீட்டிலும் என்னை மாதிரி ஒருவன் முளையைப் பிடுங்கிவிட்டு வெறுங்கையோடு நிற்பான். முடியாது மச்சான் என்றேன். அப்போதுதான் அவர் உனக்குப் போன் பண்ணினார், அப்பா என்னைப் பழிவாங்குகிறார் என்று அழுதார். பழிதான் வாங்குகிறேன். சட்டப்படி வாங்குகிறேன்.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. பதினொன்றில் ஆறுக்கு நோய். அதில் வெள்ளைக்காலியும் ஒன்று. இதை உனக்குப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன் அம்மா அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே என்னோடு பேசவில்லை, என்ன இருந்தாலும் அண்ணன். அன்று மூன்றாவது நோட்டை அவள் முன்னால் விரித்து அந்த வரியைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். விரிப்பு துவைத்துத் தோல் உரிந்த தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் உள்ளே போய்ச் சுத்தியலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "நாலு ஆணியும் நேரா அடிங்க. நம்ம கதவுல அண்ணன் அடிச்சதுல ஒண்ணு கோணல்" என்றாள்.

நேற்று காலை டாக்டரம்மா முன்னால் நின்றார், அதே சிவப்புப் பலகையை நான் அடித்தேன். தெரு முழுக்க நின்றது. மாமா கம்பிக் கதவுக்கு உள்ளே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் எனக்குச் சொன்ன அதே வாக்கியத்தை, தொழுவத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு மாடு எதற்கு என்பதை, அவருக்கே திருப்பிச் சொல்ல ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், கையை எப்படி நீட்டுவது என்றுகூட. மூன்றாவது ஆணி அடிக்கும்போது என் குரல் கேட்டு வெள்ளைக்காலி வந்துவிட்டது. முதுகில் சிவப்பு அடையாளம் போட்டிருந்தார்கள். கம்பிக்கு வெளியே நாக்கை நீட்டி என் கையை நக்கியது, இந்தத் தடவை கையுறை போட்டிருந்தேன், ரப்பரைத்தான் நக்கியது. நாலாவது ஆணியையும் அடித்தேன். நேராகத்தான் அடித்தேன். வாயைத் திறந்தால் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை, "சுண்ணாம்பு நெறையப் போட்டுக் கழுவுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இவ்வளவு பெரிய பழிக்கு இவ்வளவு மட்டமான வசனம் பேசினவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். திங்கட்கிழமை வண்டி வருகிறது. நான் போய்க் கூட நிற்பேன், உனக்காகவும் சேர்த்து.

மாப்பிள்ளையைக் குளிரில் காதை மூடிக்கொள்ளச் சொல். அங்கே பண்ணைப் பால் நல்லது என்று யாராவது கொடுத்தால் காய்ச்சாமல் வாயில் வைக்காதீர்கள், இதைச் சொல்ல உன் அப்பனைவிடத் தகுதியானவன் கிடையாது. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், யாரையும் நம்பி முளையைப் பிடுங்காமல், நூறு வயசு இருக்க எங்கள் ஆசி. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. மாமா உனக்கு மறுபடி போன் பண்ணுவார். நீ வளர்த்த கன்றை உன் அப்பனே அனுப்பிவிட்டான் என்று அழுவார், நன்றாக அழுவார், கண்ணைத் துடைக்கிற சத்தம்கூடக் கேட்கும். குறுக்கே பேசாதே, திட்டாதே, அழுது முடிக்கட்டும். முடித்த பிறகு நானூற்றுப் பதினேழு என்று மட்டும் சொல். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடு.

இப்படிக்கு,
நாலு மாட்டுக்காரன்,
உன் அப்பா