தெளிந்த தொட்டியின் மறுபுறம்

அன்பு மருமகளுக்கு,

போடிக்கு நலமாக வந்து சேர்ந்தேன். பள்ளி வாசலை மிதிக்காமலே படிக்கக் கற்ற என்னைத் தூத்துக்குடியில் உன் ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் சென்றமைக்கு நன்றி. கடலில் நச்சுப்பாசி பெருகினால் மீன்கள் மடியும் என்றும், நீ வளர்க்கும் குழாய்ப்புழுக்கள் அப்பாசியை வடிகட்டி உண்ணும் என்றும் விளக்கினாய். அதைக் கண்ணாரக் கண்டேன்.

ஏலத்தோட்டத்திற்கு ஆள் ஏற்றிப் போகும் போடிமெட்டு ஜீப்பில் என் நாத்தனார் பொற்கொடி கேலி செய்தாள்.

"என்ன மதினி, ஒங்க மருமக கடல்ல புழு மேய்க்கிறாளாம்ல? அண்ணே மகன் போன பின்னாடி அவளுக்கு அங்க என்ன சோலி? வீட்டோட வந்து இருக்கச் சொல்லுங்க."

"ஆமாத்தா, அந்தப் புழு தின்னா மீனு பொழைக்கும். நீ தின்னா சட்டிதான் காலியாகும்" என்றேன். ஜீப்பே சிரித்தது.

உன்னிடம் நேரில் சொல்லாத ஒன்றுண்டு. முதல்நாள் பாசியால் பச்சையாகக் கிடந்த கண்ணாடித் தொட்டி மறுநாள் தெளிந்திருந்தது. அதன் வழியே மறுபுறம் பார்த்தேன். உன்னோடு பணிபுரியும் அந்தத் தம்பி ஏதோ சொல்ல, நீ வாய்விட்டுச் சிரித்தாய். என் மகன் இறந்த பிறகு உன்னிடம் அப்படியொரு சிரிப்பை நான் கண்டதில்லை. அப்புழுக்களுக்கும் அந்தத் தம்பிக்கும் நான் கடமைப்பட்டுள்ளேன்.

ஏலக்காய் எடுப்புக்கு வரும்போது தனியே வர வேண்டாம். இருவருக்கும் சேர்த்தே உலை வைப்பேன்.

என்றும் உன்
அத்தை