கப்பல் ஓடும்வரை

மீனாட்சிபுரம்
9.3.2025

ராசுக் கண்ணு,

நலமா என்று கேட்டு எழுதத்தான் கை போகிறது. நீ கப்பலிலிருந்து கிரீஸ் கடலில் விழுந்துவிட்டாய், தேடியும் கிடைக்கவில்லை என்று தகவல் வந்ததிலிருந்து உன் பெரியப்பா நஞ்சப்பன் ஒரே பிடியாக நிற்கிறார். "உடம்பு கெடைக்காட்டிப் போகுது அம்மிணி, ஆத்தங்கரையில பாலாச்சும் ஊத்தோணும்" என்கிறார். நான் ஒப்பவில்லை. நீ வேலை செய்த எலேனி கப்பல் கடலில் ஓடும்வரை என் பிள்ளைக்குப் பால் ஊற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் படம் போனில் வருகிறதாம்; உன் தங்கச்சி யோகப்பிரியா அதில் அந்தக் கப்பலைக் காட்டினாள். நீலத்தில் ஒரு சின்ன அம்புக்குறி. தொட்டால் எல்லாம் வருகிறது. நீளம் நூற்றி எண்பது மீட்டர். தண்ணீருக்குள் மட்டும் ஏழு மீட்டர். எழுநூறு கார் ஏறுமாம். நம் தோப்பில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புவரை நடந்து பார்த்தேன், கப்பலில் பாதிகூட வரவில்லை. இத்தனை இரும்பு எப்படிச் சாமி மிதக்கிறது? சின்ன வேலைதான் அம்மா, துடைக்கிற வேலை என்றுதானே நீ சொன்னாய்.

அம்மா
பூவாத்தாள்

22.6.2025

ராசு,

இப்போதெல்லாம் பால் கறந்ததும் கப்பலைப் பார்த்துவிட்டுத்தான் சொசைட்டிக்குப் போகிறேன். பால் அளக்கிற குப்பண்ணனுக்கு அதில் ஒரு கேலி.

"ஏனுங்க அக்கா, உங்க கப்பல் இன்னைக்கு எந்தப் பக்கம் மேயுதுங்க?"

"கரையில கட்டிக் கெடக்குதுங்க. பொழுது சாய அவுத்து உடுவாங்க."

நானும் சிரித்துவிட்டேன். நீ போன பிறகு இதுதான் முதல் சிரிப்பு. கோபித்துக்கொள்ளாதே.

நீ விழுந்த இடத்தை யோகப்பிரியா படத்தில் குறித்து வைத்திருக்கிறாள். அதன்மேல் கப்பல் போகும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வரப்பு இல்லை, வேலி இல்லை, ஒரு கல் நட்டிருக்கவில்லை. அத்தனை பெரிய தண்ணீரில் அந்த இடத்தை அது எப்படித்தான் தப்பாமல் கண்டுபிடிக்கிறதோ.

அம்மா

4.11.2025

கண்ணு,

எலேனி திடீரென்று காணாமல் போய்விட்டது. பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

யோகப்பிரியாதான் தேடிக் கண்டுபிடித்தாள். "வித்துட்டாங்கம்மா. பேர மாத்திட்டாங்க. ஆனா கப்பலோட நம்பர் மாறாது" என்றாள். வேலந்தாவளம் சந்தையில் மாட்டை வாங்கினவன் என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டாலும், காதில் இருக்கிற மஞ்சள் வில்லை அதேதானே. எண்ணைப் போட்டதும் வந்தது.

எங்கே இருக்கிறது தெரியுமா? நம் தேசத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. குஜராத்தில் மணலில் ஏற்றி, துண்டு துண்டாக வெட்டி இரும்புக்குப் போடுவார்களாம். எந்தக் கடலில் கிடந்த கப்பல், எத்தனை தண்ணீர் தாண்டி, யாரும் கூப்பிடாமல் இந்தக் கரைக்கு வருகிறது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

உன் பெரியப்பாவிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் ரயில்ல போயி ஒரு தரம் பாத்துட்டு வரலாம் அம்மிணி. பால் ஊத்தறத இனியும் தள்ள வேண்டாம்" என்றார். நான் தலையாட்டினேன். கப்பல் ஓடும்வரை என்றுதானே சொன்னேன், சொன்ன சொல்லை மாற்றக் கூடாது அல்லவா.

ஆனால் நீ விழுந்த தண்ணீர் அங்கே கிடக்கிறது. நீ நின்று துடைத்த இரும்பு இங்கே வருகிறது. பாலை எங்கே ஊற்றட்டும், ராசு?

அம்மா