நாற்பது பேருக்கும் ஒரே விருப்பம்

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நலமாக இருக்கிறேன். உங்கள் முட்டுவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறாளா? போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே திருவொற்றியூர்ப் பள்ளியில் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பதினொன்றில் எந்தக் குரூப் பொருந்தும் என்று பார்க்க ஒரு விருப்பத் தேர்வு வைத்தோம். இதில் சரி, தவறு கிடையாது என்று மூன்று தடவை சொன்னேன். தாள்களைப் பார்த்தால் நாற்பது பேருக்கும் ஒரே முடிவு: இயந்திரம் பிடிக்கும், கூட்டம் பிடிக்காது. எல்லோரும் முதல் ரேங்க் எழில்மொழியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உனக்குப் பிடிச்சதை எழுத எதுக்குடே காப்பி?" என்று தீனாவைக் கேட்டேன்.

"தப்பாயிட்டா இன்னா பண்றது மிஸ்? எழிலு கரெக்டாத்தான் எழுதிகீது."

நேற்று மீந்த தாளில் நானும் எழுதிப் பார்த்தேன். பேனா நிற்கவேயில்லை. நான் பதினொன்றில் சேர்ந்தபோது நீங்கள் சொன்ன குரூப்பை எழுதிக் கொடுத்த அதே வேகம். திரும்பப் படித்தால், அத்தனையும் உங்கள் பதில்கள். அதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. ராத்திரியெல்லாம் இந்தத் தெருவில் ஓடும் லாரிச் சத்தம் காரணமில்லை, அது பழகிவிட்டது.

ஆசீர்வாதம் மாமா வரும்போது பீரோவின் அடித்தட்டில் இருக்கும் என் ஓவிய நோட்டைக் கொடுத்தனுப்புங்கள். ஏத்தங்காய் சிப்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நோட்டை மறக்க வேண்டாம்.

மணி அடித்துவிட்டது. இன்று பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்து மறுபடி எழுதச் சொல்லப்போகிறேன். எனக்கும் ஒரு தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்,
ஷெர்லின்